நாயாற்றுக் கடலும் பென்சன் கணக்கும்



நாயாற்றுக் கரையில் வாடிப் பக்கம் போனால் வயதான தொழிலாளிகள் எங்களிடம் கேட்பார்கள்: "சேர், உங்களுக்குப் பென்சன் வரும். எங்களுக்கு?" பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் நாங்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் விவசாயிகளுக்கும், 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் கடற்றொழிலாளர்களுக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. உழைக்கும் வயதில் தவணைப்பணம் கட்டினால் முதுமையில் மாதாமாதம் பணம் வரும்.

ஆனால் 1990இல் இங்கே யார் கட்டுவது? நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்துத் தமிழ் உறவுகள் 1984இலேயே ஊரை இழந்திருந்தார்கள். 1990 ஜூனில் மீண்டும் போர். ஒக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம்கள் உட்பட வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டோம். சட்டம் கொழும்பில் இருந்தது, நாங்கள் அகதி முகாம்களில் இருந்தோம்.

சேர்ந்து கட்டியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2012இல் விவசாயிகள் ஓய்வூதிய நிதி வற்றிப்போய்க் கொடுப்பனவு நின்றது. 2014இல்தான் திரும்பவும் தொடங்கியது. சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். கட்டுகிறவர்கள் இடையில் விட்டுவிட, எடுக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனால் சீட்டு முறியும். கொடுப்பதாகச் சொன்ன தொகைக்குக் கட்டிய தவணைப்பணம் காணவில்லை. குறையை அரசு காலத்துக்குக் காலம் நிரப்பவுமில்லை.

பணம் வந்தாலும் விலைவாசி அதைத் தின்றுவிடும். மாதம் 1,000 ரூபாய் பென்சன் என்று வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தபோது அதற்கு 11 லீற்றர் வாங்கலாம். 2022 ஓகஸ்டில் விலை 340 ரூபாய் ஆனது. அப்போது அதே பணம் 3 லீற்றருக்கும் காணவில்லை. வள்ளம் கடலுக்கு இறங்கித் திரும்பவே அது போதாது.

எங்கள் பென்சனைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் சம்பளத்தில் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குத்தான் பிடிக்கிறார்கள். எங்கள் சொந்த ஓய்வூதியத்துக்கு நாங்கள் ஒரு சதமும் கட்டுவதில்லை. அதற்கென்று சேர்த்து வைத்த நிதியும் இல்லை. ஆண்டுதோறும் வரிப்பணத்தில்தான் கொடுக்கிறார்கள். நாயாற்றுத் தொழிலாளி வாங்கும் சாமான்களின் விலையில் இருக்கும் வரியும் அதில் சேர்கிறது. எங்கள் முதுமைக்கு அவரும் கட்டுகிறார், அவர் முதுமைக்குக் கட்ட ஆளில்லை. "எங்களுக்கு?" என்று அவர் கேட்கும்போது எங்களுக்குத் தலை குனிகிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்களின் பழைய ஓய்வூதியப் புத்தகமோ பற்றுச்சீட்டோ இருந்தால் எறிய வேண்டாம். கமநல சேவை நிலையத்திலோ கடற்றொழில் அலுவலகத்திலோ காட்டிக் கேளுங்கள். விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.

இனிப் புதிய திட்டம் என்று யாராவது படிவம் கொண்டு வந்தால், கையெழுத்து வைக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள். நிதி குறைந்தால் யார் போடுவது? விலை ஏறினால் பென்சனும் ஏறுமா? கணக்கை எங்களுக்குக் காட்டுவீர்களா?