வகுப்பறையை விட்டு வயலுக்குப் போன ஆசிரியை



பசியோடு வந்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? காலையில் ஒரு வாய்க் கஞ்சிகூட இல்லாமல், காலில் செருப்பில்லாமல் வந்து உட்காரும் பிள்ளையிடம், "வாய்ப்பாட்டைச் சொல்லு" என்றால் அது என்னத்தைச் சொல்லும்?

இந்தக் கேள்வி ஓர் இளம் ஆசிரியையின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அவர் பெயர் டொலோரஸ் ஹுவெர்த்தா. அமெரிக்காவில், ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வம்சாவளியில் வந்தவர். தோட்ட வேலையின் பாடு தெரிந்த உங்களுக்கு அவருடைய வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

டொலோரஸ் 1930ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்க ஊரான டாசனில் பிறந்தார். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி, வயல் வேலையும் செய்தவர், தொழிற்சங்கவாதி. 1938இல் மாநிலச் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆனால் பெற்றோர் பிரிந்ததனால், தாயார்தாம் பிள்ளைகளைக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகருக்குக் கூட்டி வந்து ஆளாக்கினார். உணவகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் காசு சேர்த்து, பின்னர் 70 அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை நடத்தினார். கையில் காசில்லாத கூலிக்காரர்கள் வந்தால், வாடகை வாங்காமலே தங்கவிடுவாராம். தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்?

பள்ளிக்கூடத்தில் டொலோரஸ் கெட்டிக்காரி. கட்டுரை நன்றாக எழுதுவார். ஆனால் ஓர் ஆசிரியர், "இதை வேறு யாரோ உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டார். அவளுடைய இனத்துப் பெண்ணுக்கு இவ்வளவு எழுத வராது என்ற எண்ணம்! அந்தக் காயம் ஆறவே இல்லை. ஆனாலும் அவர் படிப்பை விடவில்லை; படித்து ஆசிரியையாகவே வந்தார்.

வகுப்பில் எதிரே உட்கார்ந்தவர்கள் வயல் தொழிலாளர்களின் பிள்ளைகள். வயிற்றில் பசி, காலில் செருப்பில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதைவிட, அதன் பெற்றோருக்கு நியாயமான கூலி கிடைக்க வழி செய்வதே முதல் வேலை என்று முடிவு செய்தார். 1955இல் ஆசிரியர் வேலையை விட்டுச் சமூகத் தொண்டில் இறங்கினார்.

என்ன தொண்டு? வீடு வீடாகப் போய், வாக்காளர் பட்டியலில் பெயர் பதியச் செய்தார். சட்டமன்றப் படிகளில் ஏறி இறங்கி, உறுப்பினர்களிடம் வாதாடினார். பல்லாண்டு அந்நாட்டில் உழைத்தும் குடியுரிமை இல்லாத முதியோருக்குக் கலிபோர்னியாவில் உதவித்தொகை கிடைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பெயர் பதிந்த ஏழையின் குரல்தான் சட்டமன்றம் வரை கேட்கும் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். தொழிலாளர்கள் சங்கம் அமைத்து முதலாளியோடு பேரம் பேசும் உரிமையை 1935இல் அமெரிக்கா சட்டமாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் வயல் தொழிலாளர்களையும் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவனுக்கு மட்டும் உரிமை இல்லை! வயலில் சுத்தமான குடிதண்ணீர் கிடையாது; கழிப்பறை கிடையாது; பூச்சிமருந்துக்கு நடுவிலே வேலை. ஆள் பிடித்துத் தரும் கங்காணி போன்றவர்கள் வைத்ததே சட்டம்.

இதை மாற்ற, 1962இல் சீசர் சாவேசுடன் சேர்ந்து டொலோரஸ் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1965 செப்டம்பரில், டெலானோ என்ற ஊரின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஓர் இனத்தார் நிறுத்தினால் முதலாளிகள் மற்ற இனத்தாரைக் கொண்டுவந்து வேலையை நடத்திவிடுவது வழக்கம். இந்தத் தடவை அது பலிக்கவில்லை. சில நாளிலேயே மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் வெளியே வந்தார்கள். மறு ஆண்டில் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

1966இல் ஷென்லி என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேச உட்கார்ந்தவர் டொலோரஸ்தான். அவர் வக்கீல் அல்லர். கையிலிருந்தது பள்ளிக்கூடத்துப் படிப்பும் தொழிலாளர் வாயால் கேட்டறிந்த கஷ்டமும்தான். மற்ற முதலாளிகள் இறங்கி வராததால், "திராட்சை வாங்காதீர்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும் இயக்கம் பிறந்தது. டொலோரஸ் நியூயார்க் போய் அதை நடத்தினார். குடும்பப் பெண்கள் கடைக்குப் போனார்கள். திராட்சையைத் தொடாமல் திரும்பினார்கள். 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். கூலி உயர்ந்தது, மருத்துவ நிதி வந்தது, பூச்சிமருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 1973இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பல முதலாளிகள் வேறொரு சங்கத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். கட்டிய வீடு இடிந்தாற்போல் ஆயிற்று. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். 1975இல், வயல் தொழிலாளர்கள் இரகசிய வாக்களித்துத் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கலிபோர்னியா சட்டமாக்கியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இதுதான்.

"இங்கே அதெல்லாம் முடியாதுங்க" என்று 1972இல் அரிசோனாவில் சிலர் சொன்னபோது, "ஆம், முடியும்!" என்று ஸ்பானிய மொழியில் பதில் கொடுத்தவர் டொலோரஸ். அதுவே இயக்கத்தின் முழக்கமாயிற்று. அவருக்கு 11 பிள்ளைகள். ஊர் ஊராகத் தாய் அலைந்ததால் அவர்களும் சிரமப்பட்டார்கள். 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் காவலரின் தடியடியில் அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. மண்ணீரலை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 58. தேறி எழுந்தபின், 2002இல் பரிசாகக் கிடைத்த 1,00,000 டாலரைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஒரு தொண்டு நிறுவனம் அமைத்தார். 2012இல் அதிபர் ஒபாமா, நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை அவருக்கு அணிவித்தார்.

பெற்றோர்களே! டொலோரஸ் வகுப்பறையை விட்டார், கல்வியை விடவில்லை. முதலாளியின் முன் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்து வாதாட அவருக்குக் கைகொடுத்தது அந்தக் கல்விதானே? ஆகவே பிள்ளையைப் பசியோடு அனுப்பாதீர்கள். பள்ளிக்கு அனுப்பாமலும் இருந்துவிடாதீர்கள்.

பரிசு வாங்க மேடை ஏறும் செல்வங்களே! பரிசை வீட்டிற்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது. உங்கள் அப்பாவோ அம்மாவோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் நாளில், பக்கத்தில் உட்கார்ந்து, "இருங்க அம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் படித்த படிப்புக்கு அதுவே முதல் பரிசு.