நிலக்கரியில் தொடங்கிய ஐரோப்பா: ராபர்ட் ஷூமன்

ஐரோப்பிய யூனியன் என்றதும் நமக்கு யூரோ நாணயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் ஆரம்பம் நிலக்கரியிலும் எஃகிலும் இருக்கிறது. அந்தக் கதையின் நாயகர் பிரான்ஸ் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபர்ட் ஷூமன். (இசையமைப்பாளர் ஷூமன் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

இவர் 1886-ல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். அப்பா லொரேன் பகுதிக்காரர். 1871-ல் அந்தப் பகுதியை ஜெர்மனி எடுத்துக்கொண்டதால் மகனும் பிறப்பால் ஜெர்மன் குடிமகன். முதல் உலகப்போர் முடிந்து லொரேன் மறுபடி பிரான்ஸோடு சேர்ந்ததும் பிரெஞ்சுக்காரர் ஆனார். 1940-ல் நாஜிகள் கைது செய்தார்கள், 1942-ல் தப்பினார். எல்லைக்கோடு நகர்ந்தால் மனிதர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரான்ஸின் எஃகு ஆலைகளுக்கு ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரி வேண்டும். 1923-ல் போர் நஷ்டஈடு ஒழுங்காக வரவில்லை என்று பிரான்ஸும் பெல்ஜியமும் ரூருக்குள் ராணுவத்தையே அனுப்பின. சம்பாதித்தது பெரும்பாலும் வெறுப்பைத்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி எழுந்து நிற்கத் தொடங்கியதும் அதே பிரச்சினை திரும்பவும் வந்தது.

இந்தமுறை போனது ராணுவம் இல்லை, ஒரு கடிதம். 1950 மே 9 காலையில் ஷூமனின் கடிதம் பான் நகரில் ஜெர்மன் சான்சலர் அடினாவர் கைக்குப் போனது. அவர் சம்மதித்ததும் பிரெஞ்சு அமைச்சரவை ஒப்புக்கொள்ள, மாலையில் பாரிஸில் பத்திரிகையாளர்கள் முன் அறிவிப்பு! இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதும் ஒரு பொது உயர் ஆணையத்தின் கீழ் வரும். மற்ற நாடுகளும் சேரலாம். பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவில் இருந்தால் யாரும் ரகசியமாக ஆயுதம் குவிக்க முடியாதல்லவா?

திட்டத்தை எழுதியது ழான் மோனேயும் அவர் குழுவும்தான். ஆனால் தோற்றிருந்தால் பழி ஷூமன் தலையில்தான் விழுந்திருக்கும், அதனால் பெயரும் அவருக்கே போனது நியாயம் என்பேன். இது வெறும் நல்லெண்ணம் என்றும் நினைக்காதீர்கள். பிரான்ஸுக்கு நிலக்கரி உறுதியானது, ஜெர்மனிக்கு சம அந்தஸ்து கிடைத்தது.

1951 ஏப்ரல் 18-ல் இந்த இரண்டோடு இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. நிலக்கரி விற்காமல் தேங்கியபோது நெருக்கடி அறிவித்து உற்பத்தியைக் குறைக்கலாம் என்றது ஆணையம். 1959-ல் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஷூமன் அப்போது ஐரோப்பிய நாடாளுமன்ற அவையின் தலைவர். 1963-ல் காலமானார்.

ஆரம்பத்தில் ஒதுங்கி நின்ற பிரிட்டன் 1973-ல் உள்ளே வந்து 2020-ல் வெளியே போனது. அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.