பிருது மன்னனும் பூமிப் பசுவும்



நான் புராணக் கதைகளை வகுப்பில் சொல்லும்போது, இவை மெய்யாகவே நிகழ்ந்தனவா என்று வினவும் மாணாக்கர் ஆண்டுதோறும் இருந்தனர். அது நல்ல வினாவே. அதனோடு, எதனை மறவாதிருக்கும் பொருட்டு முன்னோர் இதனைச் சொல்லி வைத்தனர் என்றும் கேட்டல் வேண்டும். இன்று அவ்வாறு ஒரு கதையை ஆராய்வோம்.

பிருது என்னும் மன்னனின் வரலாற்றை விஷ்ணு புராணமும் பாகவதமும் கூறுகின்றன. அவனுக்கு முன் ஆண்ட வேனன் கொடுங்கோலன். அவன் மாண்டபின் நாட்டில் பெரும் பஞ்சம் தோன்றியது. பயிர்களையெல்லாம் பூமிதேவி தன்னுள் மறைத்துக்கொண்டாள். பசித்த குடிகள் முறையிடவே, பிருது சினந்து வில்லை எடுத்தான். அவள் பசு வடிவம் கொண்டு ஓடினாள். ஓடி ஒளிய இடமின்றித் திரும்பி நின்று, தன்னைக் கொன்றபின் குடிகளை எதன்மேல் தாங்குவாய் என்று அவனைக் கேட்டாள். காப்பாரின்றித் தீயோர் நுகர்ந்தமையாலேயே பயிர்களை மறைத்ததாகவும் எடுத்துரைத்தாள். பின்னர், பால் தர இசைந்து இரண்டு நிபந்தனைகள் விதித்தாள். தக்கதொரு கன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்று. பெய்த மழைநீர் பருவம் கழிந்த பின்னும் தங்குமாறு நிலத்தைச் சமன் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. பிருது மேடுபள்ளங்களைச் சமன் செய்தான். மனுவைக் கன்றாக்கித் தானியங்களைக் கறந்தான். பூமிக்குப் பிருதிவி என்னும் பெயர் அவனால் வந்தது என்பர்.

பசு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். கன்று முட்டினால் பசு பால் சுரக்கும். அறிந்தவர் மடியை ஒட்டக் கறவாமல் கன்றுக்கெனச் சிறிது விடுவர். மனுவோ மனித குலத்தின் முதல்வன். ஆகவே கதையில் கன்றாக நிற்பது மனித குலமே. இனிப் பிறக்கப்போகும் மக்களும் அதனுள் அடங்குவர்.

அரியானா மாநிலத்தின் குருட்சேத்திர மாவட்டத்தில் பெஹோவா என்றோர் ஊர் உண்டு. அதன் பழம்பெயர் பிருதூதகம். பிருதுவின் நீர் என்பது பொருள். பிருதுவின் பெயரைத் தாங்கிய அவ்வட்டாரத்திலேயே நம் காலத்தில் பூமிப் பசு மீண்டும் கறக்கப்பட்டது.

1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை நாடு எதிர்நோக்கி நின்றது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. பஞ்சாப், அரியானா உழவர்கள் அதனை விதைத்து நாட்டின் பசியைத் தணித்தனர். அச்சாதனையைக் குறைத்துப் பேசுதல் நன்றி கொன்ற செயலாகும்.

கோதுமையைத் தொடர்ந்து நெல் பரவிற்று. பஞ்சாபில் 1960-61இல் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் எக்டேரில் விளைந்த நெல், பின்னாளில் 30 லட்சம் எக்டேரையும் தாண்டியது. விளைந்ததை அரசு விலை கொடுத்து வாங்கியது. 1997 முதல் அங்கே பாசனத்துக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. ஆழ்குழாய்க் கிணறுகள் இரவும் பகலும் நீரை இறைத்தன. நிலத்தடியிலிருந்து ஓராண்டில் எடுக்கத்தக்க நீர் 100 பங்கு எனின், பஞ்சாபில் 160 பங்குக்கு மேலும், அரியானாவில் 130 பங்குக்கு மேலும் எடுக்கப்படுவதாக 2023இல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் கணக்கிட்டது. எஞ்சிய பங்கு எங்கிருந்து வந்தது? பன்னெடுங்காலமாக மண்ணுக்கடியில் சேர்ந்திருந்த சேமிப்பிலிருந்து வந்தது. அது கன்றுக்குரிய பால் அன்றோ?

இதற்காக உழவரை மட்டும் பழித்தல் தகாது. அவர்கள் விளைத்த நெல்லை உண்டது நாடு முழுவதுமே. 2009இல் இரு மாநிலங்களும் சட்டம் இயற்றி, மழைக்காலம் நெருங்குமுன் நாற்று நடுதலைத் தடுத்தன. பஞ்சாபில் ஜூன் 10, அரியானாவில் ஜூன் 15 என முதலில் நாள் குறிக்கப்பட்டது. வானம் பொழியும் காலத்தோடு பயிரை இணைக்கும் அம்முயற்சி, பூமிதேவியின் இரண்டாம் நிபந்தனையை ஒருவாறு நினைவூட்டுகிறது.

பிருது பூமியைக் கறவாமல் விட்டிருந்தால் குடிகள் மடிந்திருப்பர். அம்பெய்து கொன்றிருந்தாலும் மடிந்திருப்பர். நிபந்தனைக்கு உட்பட்டுக் கறந்ததனாலேயே அவன் பேரரசன் எனப் போற்றப்பட்டான்.

மாணவர்களே, உங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் நீர்மட்டத்தைக் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அளந்து ஏட்டில் குறித்து வாருங்கள். ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். கன்றின் பங்கு எஞ்சியிருக்கிறதா என்பதை அவ்வேடே உங்களுக்கு உரைக்கும்.