அம்மாயிக்கு யார் பேர் போடுவது?

நம்ம தோட்டங்களில் 'பேர்' என்றால் கூப்பிடும் பெயர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழுவதும் பேர்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பிரசவத்தில் தாய் இறந்துபோன லயத்தில் பெரும்பாலும் அம்மாயிதான் பிள்ளையைத் தூக்குகிறார். அவர் மலைக்குப் போக முடியாது; போகாவிட்டால் பேரும் விழாது.

முன்பு தாய்மார் பிள்ளையை மலைக்கே கொண்டுபோய் மரத்தில் தொட்டில் கட்டினார்கள். பிறகு பிள்ளைக்காம்பரா வந்தது. பாசத்தால் மட்டும் வந்ததில்லை. தாய் திரும்பவும் கொழுந்தெடுக்கப் போக வேண்டுமே! அங்கே பிள்ளை பார்க்கும் ஆயாவுக்குச் சம்பளம் உண்டு. அதே வேலையை லயத்தில் செய்யும் அம்மாயிக்கு எதுவும் இல்லை.

1939இல் இலங்கையில் பிரசவ நன்மைச் சட்டம் வந்தது. இன்று 84 நாள் விடுமுறை. ஆனால் அது பெற்றவளுக்கான விடுமுறை. அவள் இல்லாத வீட்டில் அந்த 84 நாளும் இரவு பகலாக விழித்திருப்பவருக்கு விடுமுறை கிடையாது.

தாயில்லாப் பிள்ளைக்குப் பக்கத்துக் காம்பராக்காரி பால் கொடுப்பது லயத்து வழக்கம். 1974 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பிறந்த 1000 குழந்தைகளில் 100க்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. தாய் இருந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி என்றால், தாயில்லாப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றது நமக்கே தெரியும்.

2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்தது. தப்பியவர்கள் பூனாகலை, கொஸ்லந்தைப் பாடசாலைகளில் தங்கினார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளை யார் வளர்ப்பது என்ற கேள்வி அன்று நாட்டுக்கே கேட்டது. லயத்தில் ஒரு தாய் மட்டும் சாகும்போது அதே கேள்வி சுவருக்கு வெளியே போவதில்லை.

வழியே இல்லையா? வால்பாறை, நீலகிரித் தோட்டங்களுக்கும் பொருந்தும் இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். தகுதியுள்ள தாய் பிரசவத்தில் இறந்து பிள்ளை பிழைத்தால், பிரசவ காலம் முழுவதற்கும் முதலாளி பணம் கட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனாலும் அது இறந்தவளின் கணக்கில் வரும் பணம். பிள்ளையைத் தூக்கியவரின் உழைப்பு அதிலும் கணக்கில் இல்லை.

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் நாட்சம்பளத்தை மட்டும் கேட்கிறோம். இதையும் சேர்த்துக் கேட்போம்: தாயில்லாப் பச்சைப்பிள்ளையைப் பார்க்கும் அம்மாயிக்கு அந்த 84 நாளும் முழுப்பேர் போடுங்க.