மண் இராசியில் நிறைமதி: முல்லைத்தீவுப் பக்கத்து ஒரு பழைய கணக்கு

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீரூற்றில் கமம் செய்தவர். அவரிடம் அறபுத் தமிழில் எழுதிய ஒரு கையேடு இருந்தது. அதில் பாதி துஆக்கள், பாதி கணக்கு. எந்தக் கிழமையில் எந்தத் திக்கில் பயணம் கூடாது, நிலா எந்த புர்ஜில் நின்றால் என்ன செய்யலாம் என்ற மாதிரியான கணக்கு. 1990 ஒக்டோபரில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அந்தக் கையேடு அங்கேயே நின்றுவிட்டது. அதில் இருந்தவற்றில் ஒரே ஒரு விதிதான் எனக்கு வாய்ப்பாடமாக இருக்கிறது: "நிலா மண் இராசியில நிறைஞ்சா கட்டு, நடு; பயணம் போகாத." இந்த விதி எங்கிருந்து வந்தது, வன்னியில் அதற்கு ஏதும் பொருள் இருந்ததா என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை. சோதிடத்துக்கு ஆதரவு தேடுவது என் நோக்கமல்ல. நம் முன்னோர் வானத்தை எப்படி வாசித்தார்கள் என்பதும் நம் சரித்திரத்தில் சேரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பன்னிரண்டு இராசிகளில் இடபம், கன்னி, மகரம் மூன்றும் மண்ணுக்குரியவை. அறபு நூல்கள் இவற்றை 'துராபிய்யா' முக்கோணம் என்கின்றன. குளிர்ச்சியும் வறட்சியும் இவற்றின் குணம். பௌர்ணமி என்றால் சூரியனுக்கு நேர் எதிரே சந்திரன் நிற்பது. ஆகவே நிலா மண் இராசியில் நிறைகிறபோது சூரியன் எப்போதும் ஒரு நீர் இராசியில் நிற்கும். இடபத்துக்கு எதிரே விருச்சிகம், கன்னிக்கு எதிரே மீனம், மகரத்துக்கு எதிரே கர்க்கடகம். தமிழ் மாதத்தில் சொன்னால் கார்த்திகை, பங்குனி, ஆடி ஆகிய மூன்று மாதங்களின் பௌர்ணமிகள்தான் மண் இராசிப் பௌர்ணமிகள்.

மூன்றும் ஒரே தரமல்ல. இடபத்தின் 3ஆம் பாகையில் சந்திரன் உச்சம் என்பதில் கிரேக்கர், அறபிகள், இந்தியர் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அறபியில் இதற்கு 'ஷரஃப்' என்று பெயர். இடபம் ஸ்திர இராசியும்கூட. அதனால் அத்திவாரம் போட, மரம் நட, நிலைத்து நிற்கவேண்டிய எதையும் தொடங்க அது நல்லது என்பார்கள். மகரம் சர இராசி. அத்தோடு சந்திரனின் சொந்த வீடான கர்க்கடகத்துக்கு எதிர் வீடு என்பதால் அறபு மரபில் சந்திரனுக்கு அது 'வபால்', அதாவது நலிவு. கன்னி இரண்டுங்கெட்டான். ஆகவே அப்பாவின் விதி உள்ளபடி பொருந்துவது கார்த்திகைப் பௌர்ணமிக்குத்தான்.

அந்த நிலா கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டியோ அதைத் தாண்டி உரோகிணியிலோ நிற்கும். கார்த்திகைதான் அறபிகளின் துரய்யா, உரோகிணி, தபரான். அறபிகளிடம் சந்திரனுக்கு 28 மன்ஸில்கள், துரய்யா மூன்றாவது. இந்தியக் கணக்கில் 27 நட்சத்திரங்கள்; கார்த்திகையும் மூன்றாவது. அயல்வீட்டுத் தமிழ்க் கமக்காரரிடம் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும் அப்பாவிடம் கிதாபும் இருந்தாலும், வேலிக்கு மேலால் இருவரும் பேசிக்கொள்ள இடைஞ்சல் இருக்கவில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 'தாஜிக' சோதிடம் என்று இந்தியாவில் வழங்குவது அறபு, பாரசீக மூலத்திலிருந்து வந்தது; 1587இல் நீலகண்டர் சமஸ்கிருதத்தில் எழுதிய 'தாஜிக நீலகண்டி' அதில் புகழ்பெற்றது. அதில் வரும் இத்தசாலம் என்பது நம் 'இத்திஸால்', சஹமம் என்பது 'ஸஹ்ம்', முந்தா என்பது 'இன்திஹா'. கோயில் வீதியில் இருந்து வருடபலன் எழுதும் ஐயர் தன்னையறியாமல் அறபுச் சொல் பேசிக்கொண்டிருக்கிறார்! மறுபக்கத்தில் அல்பிரூனி (பிறப்பு 973) 'தஃப்ஹீம்' நூலைக் கேள்வி பதிலாக எழுதி இராசிகளின் குணங்களை ஒழுங்குபடுத்தினார். அதை ஒட்டிய காலத்திலேயே இந்தியரின் வானியலையும் படித்து 'கிதாபுல் ஹிந்த்' எழுதினார். சோதிடத்தை விளக்கினாரே தவிர அதற்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவரல்ல அவர். கஸ்ஸாலி, இப்னு தைமிய்யா, இப்னு கல்தூன் எல்லோரும் வெளிப்படையாகவே அதை மறுத்தவர்கள்.

மார்க்கத்தின் நிலைப்பாடு நமக்குத் தெரிந்ததே. நபிகளாரின் மகன் இப்றாஹீம் வபாத்தான நாளில் கிரகணம் பிடித்தபோது, எவருடைய மரணத்துக்கோ வாழ்வுக்கோ சூரிய சந்திரருக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் சொன்னார்கள். இதைவிட எங்கள் விடயத்துக்கு நெருக்கமானது ஹுதைபிய்யா ஹதீஸ். இரவு மழை பெய்த மறுநாள் ஸுபஹுக்குப் பின், இன்ன நட்சத்திரத்தால் மழை கிடைத்தது என்று சொல்பவர் யாரை நம்புகிறார் என்று அங்கே எச்சரிக்கப்படுகிறது. அறபிகள் மன்ஸில்களின் உதயத்தையும் மறைவையும் வைத்து மழையைக் கணித்தவர்கள். அந்தக் கணக்கின் பெயர் 'அன்வா'. நட்சத்திரத்தைப் பார்த்துப் பருவம் அறிவது வேறு, மழைக்கு அதையே காரணமாக்குவது வேறு. பிறை பார்ப்பதும், கிப்லா, தொழுகை நேரம் கணிப்பதும் முதல் வகை. அதனால்தான் டமஸ்கஸ் உமையாப் பள்ளியில் இப்னு ஷாத்திர் போன்ற ஒரு பெரிய வானியலாளர் 'முவக்கித்' வேலை பார்த்தார்.

வன்னிக்கு வருவோம். கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை கொட்டுகிறது. முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்புக் குளங்கள் நிறைகின்றன. காலபோகப் பயிர் எழும்பி நிற்கிறது. சூரியன் நீர் இராசியில், நிலா மண் இராசியில் என்ற ஏட்டுக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் ஆடியைப் பாருங்கள். அப்போதும் சூரியன் நீர் இராசியில்தான். எங்கள் பக்கமோ சோளகம் அடித்து, குளத்தின் அடிச்சேறு வெடித்துக் கிடக்கும். கர்க்கடகம் நீர் இராசி என்று சொன்னவன் வன்னியைக் கண்டவனல்ல. பங்குனியிலோ சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்து முடிந்திருக்கும்; நடுவதற்கு என்ன இருக்கிறது? ஆக மூன்று மண் இராசிப் பௌர்ணமிகளில் ஒன்றுதான் கமத்தோடு ஒட்டுகிறது. அதுவும் மழைக்காலம் என்பதால், இராசியால் அல்ல. அந்த நிலாவை முகில் மறைக்காமல் முழுசாகப் பார்த்த இரவுகள் என் நினைவில் சொற்பம்.

எங்கள் ஊரின் பெரிய நிலா மண் இராசியிலே இல்லை. அது வைகாசி நிலா. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் அந்த மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும்; கடல் நீரில் விளக்கெரியும் என்று சனம் திரண்டு போகும். வைகாசியில் சூரியன் இடபத்தில் நிற்பதால் நிலா நிறைவது விருச்சிகத்தில். அதுவோ நம் ஜந்திரிகளில் 'கமர் தர் அக்ரப்': நிக்காஹ் கூடாது, பயணம் கூடாது என்று குறித்துவைத்த அந்த இரண்டேகால் நாள்! அயலவர்களுக்கு வருடத்தின் மிகப் பெரிய இரவு, எங்கள் கிதாபில் நஹ்ஸு. இருந்தும் அப்பா அந்தச் சனத்துக்குத் தேங்காய் விற்க வண்டி கட்டியவர்தான். கேட்டால், "அது கலியாணத்துக்குச் சொன்னது, யாவாரத்துக்கில்ல" என்பார். மக்கள் இத்தகைய விதிகளோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு நிலாவையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். அந்தப் பௌர்ணமி நவம்பர் 2ஆம் திகதி இரவு; ஹிஜ்ரி 1411 ரபீஉல் ஆகிர். நாங்கள் அப்போது புத்தளத்தில் ஒரு தென்னந்தோப்பில் ஓலைக்குக் கீழே. பல வருடம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஞ்சாங்கப்படி அன்று நிலா மேட இராசியில், அது நெருப்பு. ஆனால் அறபு வானியலார் பெரும்பாலும் பின்பற்றிய கணக்கில் இராசிச் சக்கரம் சம இரவு நாளிலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே இன்று ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். அந்தக் கணக்கில் அன்றைய நிலா இடபத்தின் 10ஆம் பாகையளவில் நிற்கிறது. மண் இராசி, ஸ்திர இராசி, சந்திரன் உச்சம் பெறும் வீடு. கட்டு, நடு, பயணம் போகாத. ஒரே நிலா, இரண்டு ஏடு, இரண்டு பலன். எங்களுக்கு நடந்தது இரண்டிலும் இல்லை.

அப்பா அன்றிரவு நிலாவைப் பார்த்து இராசி எதுவும் சொன்னதாக உம்மாவுக்கு ஞாபகமில்லை. "அய்யாமுல் பீழ் வந்திட்டுது" என்று மட்டும் சொன்னாராம். 13, 14, 15 ஆகிய வெள்ளை நாட்களின் நோன்பை அவர் விடுபவரல்ல. ஸஹருக்கு என்ன இருந்தது என்று உம்மாவிடம் கேட்டேன். பக்கத்து ஊர்க்காரர் கொடுத்த பாணும் ப்ளேன்டீயும் என்றார்.

கையேடு போய்விட்டது. நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று வயோதிபர்களிடம் இப்படியான விதிகள் இன்னும் சில இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே யாராவது எழுதி எடுக்கவேண்டும். ஹறாமா ஹலாலா என்ற தீர்ப்பை ஆலிம்கள் சொல்லட்டும், நாம் முதலில் பதிவு செய்வோம். மீள்குடியேற்றத்தின்போது என் தாத்தாவின் மகன் பழைய வளவில் வீடு கட்ட நாள் கேட்டான். நான் இந்தக் கணக்கையெல்லாம் விரித்துவைத்துக்கொண்டு கார்த்திகை வரை பொறுக்கலாமோ என்று இழுத்தேன். கூரைத் தகடு ஏற்றிய லொறி வைகாசியிலேயே வந்துவிட்டது. அன்றைக்கே அத்திவாரம் வெட்டினான்.