தேய்மானம் என்னும் மூலதனம்: திருமலைராயன்பட்டினம் மின்நிலையமும் தமிழகக் காற்றாலைகளின் நிதி வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மின்திட்டம் ஒன்றின் வடிவத்தை அதன் எரிபொருளோ தொழில்நுட்பமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. முதலீடு வந்த வழியும் தீர்மானிக்கிறது. காரைக்கால் பகுதியின் திருமலைராயன்பட்டினத்தில் 2000-இல் இயங்கத் தொடங்கிய எரிவாயு மின்நிலையம், 1986 முதல் தென்தமிழகத்தில் எழுந்த காற்றாலைகள், 2006-இல் ஓடந்துறை ஊராட்சி நிறுவிய காற்றாலை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, தேய்மானம் என்னும் கணக்கியல் கருத்து ஒவ்வொன்றிலும் ஆற்றிய பணியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காற்றாலை, விரைவுத் தேய்மானம், காரைக்கால், ஊராட்சி நிதி, மின்கட்டணம்

முன்னுரை

காவிரிப் படுகையின் கடலோரத்தில், நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே அமைந்த திருமலைராயன்பட்டினம் 1954 வரை பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது. காளமேகப் புலவரோடு தொடர்புபடுத்தி இலக்கிய வரலாறுகள் பேசும் இவ்வூரில் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் உள்ளது. குழுமம் 1993-இல் பதிவுபெற்றது. நிலையம் 2000 சனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. எரிவாயுச் சுழலி 22.9 மெகாவாட்டும், அதன் கழிவு வெப்பத்தில் இயங்கும் நீராவிச் சுழலி 9.6 மெகாவாட்டும் தருகின்றன. எரிவாயு அண்மையிலுள்ள நரிமணம் வயல்களிலிருந்து வருகிறது.

இந்நிலையம் திட்டமிடப்பட்ட அதே ஆண்டுகளில்தான் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. படுகைக் கடலோரத்தில் காற்று இல்லாமல் இல்லை. ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையின் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி இடைவெளிகளில் தென்மேற்குப் பருவக்காற்று குறுகிப் புகுந்து விரைவு பெறுவதுபோல் இங்கு நேர்வதில்லை. நிலத்தடியில் எரிவாயு இருந்த இடத்துக்கு ஒரு வகை மூலதனமும், மலையிடுக்கில் காற்று வீசிய இடத்துக்கு வேறொரு வகை மூலதனமும் சென்றன.

அரசு நிலையத்தின் கணக்கு

திருமலைராயன்பட்டினம் நிலையத்தின் கணக்குமுறை பழையது, தெளிவானது. செலவின் அடிப்படையில் மின்கட்டணம் வகுக்கப்படுகிறது. கடன் வட்டி, பங்கு முதலுக்கான வருவாய், இயக்கப் பராமரிப்புச் செலவு, நடைமுறை மூலதன வட்டி, தேய்மானம் ஆகியவை நிலைச்செலவாகச் சேர்கின்றன; எரிவாயுவின் விலை தனியே சேர்க்கப்படுகிறது. கோவாவுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்குமான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தபின், இக்கணக்கை ஆய்ந்து கட்டணம் நிர்ணயிப்பது அதன் பொறுப்பாயிற்று.

இங்குத் தேய்மானம் என்பது இயந்திரத்தின் விலையை அதன் ஆயுட்காலம் முழுவதும் சிறிது சிறிதாக நுகர்வோரிடமிருந்து திரும்பப் பெறும் வழி. முதலீட்டாளர் அரசு, வாங்குபவரும் அரசின் மின்துறை. இழப்பு நேரும் அச்சம் குறைவு, பெருலாபத்துக்கும் இடமில்லை. காற்றாலைத் துறையில் இதே சொல் முற்றிலும் வேறொரு வேலையைச் செய்தது.

முள்ளக்காடு முதல் முப்பந்தல் வரை

காற்றாலைத் திட்டமிடலின் முதற்படி அளவீடு. வானிலை அறிவியலாளர் அன்னா மணி 1980-களின் தொடக்கத்தில் நாட்டின் காற்றுத் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். பின்னர் அவர் பொறுப்பில் கம்பங்கள் நட்டுக் காற்றின் வேகம் அளக்கப்பட்டது. கடன் கொடுப்பவர் நம்பத்தக்க எண் முதலில் இங்குத்தான் பிறந்தது என்பதால், நிதி வரலாற்றில் அவருக்குரிய இடம் வழக்கமாகத் தரப்படுவதைவிடப் பெரியது.

1985-இல் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை அமைந்தது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களைக் கொண்டு மாதிரிக் காற்றாலைப் பண்ணை உருவாயிற்று. தொடர்ந்து மின்வாரியம் பல இடங்களில் நிறுவிய மாதிரிப் பண்ணைகளின் மொத்தத் திறன் 19.355 மெகாவாட். டென்மார்க் அரசின் உதவியில் கயத்தாற்றில் 6 மெகாவாட்டும் முப்பந்தலில் 4 மெகாவாட்டும் அமைந்தன. இக்கட்டத்தில் பணம் முழுவதும் பொதுப்பணம் அல்லது வெளிநாட்டு உதவி. நோக்கம் ஈட்டல் அன்று, காட்டல்.

1987-இல் இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை கடன் நிறுவனமாகத் தோன்றியது. 1992-இல் ஒப்புதல் பெற்ற உலக வங்கித் திட்டத்தின் நிதியும் அதன் வழியே வந்தது. நடுவண் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், 1994–95-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு ஒரு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்வு எனக் கொள்முதல் விலையைப் பரிந்துரைத்தது. முப்பந்தலில் விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பிவழி வேறோர் ஊரின் நூற்பாலைக்குக் கொண்டுசெல்லவும், காற்று மிகுந்த மாதங்களின் உபரியைப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் இசைவு கிடைத்தது. மின்வெட்டால் தவித்த ஆலைகளுக்கு இது பெரும் ஈர்ப்பு.

எனினும் அனைத்தையும் விஞ்சி நின்றது வருமானவரிச் சட்டத்தின் 100 விழுக்காடு தேய்மானம். காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 1990-களின் நடுவில் மேல்வரி உட்பட நிறுவன வரி 46 விழுக்காடு; 1 கோடி ரூபாய் இயந்திரத்துக்கு அந்த ஆண்டின் வரியில் 46 இலட்சம் குறைந்தது. இது வரி விலக்கு அன்று. பிற்கால ஆண்டுகளில் கழிக்க ஏதும் எஞ்சாமையால் வரியின் ஒரு பகுதி பின்னர் திரும்பும். ஆயினும் வட்டி மிகுந்த காலத்தில் 46 இலட்சம் இன்று கையில் இருப்பது வட்டியில்லாக் கடனுக்கு நிகர்.

இதன் தடயம் நாட்காட்டியில் பதிந்தது. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே உண்டு. ஆகவே செப்டம்பர் இறுதிக்குள், தவறினால் மார்ச்சு இறுதிக்குள், இயக்கிவிடும் அவசரம் எழுந்தது. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்றுக்கு இந்த நாள்களைப் பற்றிய கவலையில்லை. காற்றுக்கேற்ப அமையவேண்டிய பணி வரிக்கேற்ப அமைந்தது.

தமிழகத்தில் 1994–95-இல் சுமார் 190 மெகாவாட், 1995–96-இல் சுமார் 280 மெகாவாட் எனப் புதிய திறன் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அது 120-ஆகக் குறைந்து, 1998–99-இல் 20 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. இடையில் முப்பந்தலின் காற்று மாறவில்லை. மாறியவை 1996-இல் வந்த குறைந்தபட்ச மாற்று வரியும், 1997-இல் 35 விழுக்காடாகக் குறைந்த நிறுவன வரியும். வரி குறையக் குறைய வரிச் சலுகையின் மதிப்பும் குறையும் என்ற எளிய உண்மையைத் தொழில்துறை அப்போது கற்றது. மின்தட நெருக்கடியும் கடன் இறுக்கமும் துணைக்காரணங்கள். ஆனால் அவை மட்டும் இத்தகைய சரிவை விளக்கப் போதா.

ஓடந்துறை: வரி கட்டாதவரின் காற்றாலை

மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை ஊராட்சி, உடுமலைப்பேட்டை வட்டாரத்தின் மைவாடியில் 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. விலை 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம்; வங்கிக்கடன் 1.15 கோடி. தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்புக்கும் ஆகும் மின்கட்டணச் சுமையே முயற்சியின் தூண்டுதல். ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6.75 இலட்சம் யூனிட், அதில் 4.5 இலட்சம் ஊராட்சியின் தேவைக்குப் போக, எஞ்சியது வாரியத்துக்கு விற்பனை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2006 மே மாதம் புதிய காற்றாலைகளுக்கு யூனிட்டுக்கு 2.90 ரூபாய் என நிர்ணயித்தது. அவ்விலையில் முழு உற்பத்தியின் மதிப்பு ஆண்டுக்கு 19.5 இலட்சத்துக்குச் சற்று மேல். வட்டியைக் கருதாவிடில் முதல் திரும்ப எட்டாண்டு ஆகும்.

இதே இயந்திரத்தை இலாபமீட்டும் ஒரு நிறுவனம் அதே ஆண்டில் வாங்கியிருந்தால் கணக்கு எப்படி அமையும்? தேய்மான வீதம் 2002-இலேயே 80 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 1.55 கோடியில் 80 விழுக்காடு 1.24 கோடி; மேல்வரியும் தீர்வையும் சேர்ந்த 33.66 விழுக்காடு வரியில் முதலாண்டுச் சேமிப்பு சுமார் 41.7 இலட்சம். ஊராட்சி சேர்த்துவைத்த முழுச் சேமிப்பும் 40 இலட்சம். ஒரு கிராமம் வரிவசூலிலும் சிக்கனத்திலும் திரட்டிய சொந்த முதலை, நிறுவனம் ஒன்று வருமானவரிப் படிவத்தின் வழியே ஓராண்டில் அரசிடமிருந்து முன்பணமாகப் பெற்றிருக்கும்.

உள்ளாட்சி அமைப்பு வருமானவரி செலுத்துவதில்லை. எனவே விரைவுத் தேய்மானம் அதற்கு ஒரு காசும் தராது. ஆனால் அது மின்சாரத்தை விளைவித்தே தீரவேண்டும். காற்று பொய்த்தால் ஈடுசெய்ய வரிச்சலுகை இல்லை. ஓடந்துறையின் முயற்சி நாடெங்கும் பாராட்டப்பட்டும் பெருவழக்காகாமல் நின்றதற்குத் தலைமையின் அரிதுத்தன்மையையே பலர் காரணமாகக் கூறுவர். அது பாதி உண்மை. சலுகையின் அமைப்பே இத்தகைய முதலீட்டாளரை எண்ணிப் பார்க்காமல் வகுக்கப்பட்டது என்பது மறுபாதி.

சலுகையிலிருந்து ஏலத்துக்கு

2009 இறுதியில், விளைந்த யூனிட்டுக்கு 50 காசு வீதம் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. விரைவுத் தேய்மானம் பெறாதவர்க்கு மட்டுமே அது உரியது. நிறுவிய திறனுக்கன்றி உற்பத்திக்குப் பணம் என்ற கொள்கை இதில்தான் முதன்முதலாக வலுவாக நுழைந்தது. 2012-இல் இரண்டும் ஒருசேர நின்றபோது, நாட்டின் ஆண்டுச் சேர்க்கை சுமார் 3,200 மெகாவாட்டிலிருந்து 1,700-ஆகச் சரிந்தது. 2014-இல் மீண்ட தேய்மானம் 2017 ஏப்ரலில் 40 விழுக்காடாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த முதல் காற்றாலை ஏலத்தில் விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாய்க்கு இறங்கியது. வரிக்காக வாங்குபவரின் இடத்தில் விலைக்காகப் போட்டியிடுபவர் வந்தார். 1,000 மெகாவாட் கோரிய அந்த ஏலத்தில் 350 கிலோவாட் வைத்திருக்கும் ஊராட்சிக்கு உரிய கட்டம் இல்லை.