வானூர்தித் தொழிலும் உடல் நலமும்



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவிய பரம்பரை நம்முடையது. அந்தப் பாலுக்கும் ஆகாய விமானத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. விமானம் தரையைத் தொடும்போது எழும் சூட்டையும் அடியையும் தாங்க, அதன் டயருக்கு இன்றைக்கும் இயற்கை ரப்பர்தான் வேண்டும். இப்போது தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பலர் விமான நிலையங்களில் சாமான் ஏற்றவும், பழுது பார்க்கவும், பணிப்பெண்ணாகப் பறக்கவும் போகிறார்கள். சம்பளத்தைக் கேட்கிறோம்; உடம்பைப் பற்றிக் கேட்கிறோமா? சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்!

இந்தத் தொழிலில் உடம்பு படும் பாட்டை உலகம் உயிரைக் கொடுத்துத்தான் கற்றது. 1875 ஏப்ரல் 15ஆம் நாள் பிரான்சில் மூன்று பேர் 'செனித்' என்ற பலூனில் ஏறினார்கள். பிராணவாயுப் பைகள் கூடவே இருந்தன. எட்டாயிரம் மீட்டருக்கு மேலே போனதும் கைகால் அசையவில்லை. பக்கத்தில் இருந்த குழாயை எடுத்து வாயில் வைக்கவும் தெம்பில்லை. இருவர் மாண்டனர். பிழைத்த திஸாந்தியேர் செவிப்புலனை இழந்தார். அங்கே வலியோ பயமோ தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்று குறையும்போது மனம் சுகமாக இருப்பதாகவே நினைக்கும். அதுதான் ஆபத்து.

1930 மே 15இல் அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற தாதி முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். ஆட்டத்தில் மயங்கி வாந்தி எடுக்கும் பயணிகளைப் பார்த்துக்கொள்ளவே அந்நாளில் தாதியரை எடுத்தார்கள். அவர்களோ சாமான் தூக்கினார்கள்; விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளவும் உதவினார்கள்!

நம்ம ஈப்போவுக்கு 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸின் சிறு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஒழுங்காக வரத் தொடங்கியது. அதில் காற்றழுத்த அறை கிடையாது. ஆகவே தாழப் பறந்தது. இன்றைய பெரிய விமானத்தில் அழுத்த அறை உண்டு. ஆனாலும் உள்ளே இருப்பது தரைமட்டக் காற்றல்ல. சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக் காற்று. ஈப்போவிலிருந்து பார்த்தால் தெரிகிற கோர்பு மலையின் உயரம் 2,183 மீட்டர். அதன் உச்சியில் நின்றுகொண்டு நாள் முழுக்க வேலை செய்வதாக எண்ணிப் பாருங்கள்! காற்றும் வறண்டிருக்கும். அதனால் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சமப்படாது. செவிப்பறை கிழியவும் கூடும். அப்படிப்பட்ட நாளில் பறக்காமல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

தரையில் வேலை செய்பவர்களுக்கு வேறு தொல்லை. பெட்டியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதீர்கள். முழங்காலை மடக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து எழுங்கள். தூக்கியபடியே உடம்பைத் திருகக் கூடாது. காலை மாற்றி வைத்துத் திரும்புங்கள். இயந்திர இரைச்சலுக்குப் பஞ்சு போதாது. காதுக் கவசம் வேண்டும். போன செவி திரும்பி வராது. கவசம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகுமோ என்று தயங்க வேண்டாம். 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமையாகவே இதை வைத்திருக்கிறது. கொடுத்ததை மாட்டிக்கொள்வது தொழிலாளியின் கடமை.

ராத்திரி வேலை இன்னொரு சோதனை. 1931இல் வைலி போஸ்ட் எட்டே முக்கால் நாளுக்குள் உலகைச் சுற்றிப் பறந்தார். அதற்கு முன்பே நேரங்கெட்ட நேரத்தில் தூங்கிப் பழகிக்கொண்டார். மூன்று, நான்கு மணிக்கே எழுந்த நம் தாய்மார்கள் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார்கள். தூக்கத்தைக் கடன் வைக்கவில்லை. இரவு வேலை முடித்து வரும் பிள்ளைக்கும் வீட்டில் இருட்டறையும் அமைதியும் கொடுங்கள். பகலில் வானொலியைக் கொஞ்சம் குறைத்தால் குடி முழுகிவிடாது!

கேளாமல் எதுவும் வரவில்லை என்பதையும் வரலாறு சொல்கிறது. அமெரிக்காவிலே, பயணிகளின் சிகரெட் புகையைச் சுவாசித்து அவதிப்பட்ட பணிப்பெண்கள் பல்லாண்டு குரல் கொடுத்தார்கள். 1988இல் குறுகிய உள்நாட்டுப் பயணங்களில் தடை வந்தது. 1990இல் ஏறத்தாழ எல்லா உள்நாட்டுப் பயணங்களுக்கும் அது விரிந்தது.

மாணவமணிகளே, வானில் பறக்கும் ஆசை நல்ல ஆசை. கணிதத்தோடும் அறிவியலோடும் உடற்பயிற்சி வகுப்பையும் மட்டம் போடாமல் கற்றுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் நாளில் உடம்பும் உங்களோடு வரவேண்டுமல்லவா?